எவரெஸ்ட் அடிவாரத்துக்குச் சொகுசாக நடந்துபோக: முதன்முறை போகிறவர்களுக்கு

எவரெஸ்ட் பாதையில் இருக்கும் நாம்சே பஜார் என்ற ஊரில் முதல் இரவு எனக்கு எல்லா வசதியும் இருந்தது. பாத்ரூம் இணைந்த அறை, கொட்டுகிற வெந்நீர், படுக்கையில் மின்சாரப் போர்வை, மேஜைமேல் தெர்மாஸ் நிறைய இஞ்சித் தேநீர். தூக்கம் மட்டும் வரவில்லை. நெற்றிப்பொட்டில் யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுவதுபோல் விடியவிடிய வலி. காலையில் கைடு என் முகத்தைப் பார்த்தார், நான் நீட்டிய பயண அட்டவணையை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். "இன்றைக்கு எங்கேயும் போகவில்லை" என்றார். லீவு போதவில்லை என்று, உயரத்துக்குப் பழக நாம்சேயில் வைக்க வேண்டிய ஓய்வு நாளை அட்டவணையிலிருந்து வெட்டியவன் நானேதான்.

நாம்சே 3,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். எவரெஸ்ட் அடிவார முகாம் 5,364 மீட்டர். அங்கே ஏறக்குறைய பாதி. மெத்தை எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் நுரையீரலுக்கு அது தெரியாது. அதனால் இந்தக் கட்டுரையில் திரும்பத் திரும்ப ஒன்றைச் சொல்வேன்: கையில் கொஞ்சம் கூடுதல் காசு இருந்தால், முதலில் கூடுதல் நாட்களை வாங்குங்கள். அறை, ஹெலிகாப்டர், ஒயின் எல்லாம் அப்புறம்.

இமயத்தில் சொகுசு ட்ரெக்கிங் போக லடாக், பூட்டான், அன்னபூர்ணா என்று பல இடங்கள் உண்டு. நான் எழுதப்போவது நேபாளத்தின் கும்பு பகுதியைப் பற்றி. லுக்லாவிலிருந்து நாம்சே, தெங்போச்சே வழியாக எவரெஸ்ட் அடிவாரம் வரை போகிற பாதை. ஒவ்வொரு ஊரிலும் கட்டிலும் சாப்பாடும் கிடைப்பதால், முதன்முறை போகிறவர்களுக்கு இது ஏற்ற இடம்.

முதல் படி: எதுவரை போவது என்று முடிவு செய்யுங்கள்

பணம் கட்டும் முன்பே செய்ய வேண்டிய வேலை இது. பலரும் அடிவார முகாம் என்ற பெயரைக் கேட்டு மயங்கி, அதையே இலக்காக வைத்துவிடுகிறார்கள். அங்கே நின்றால் எவரெஸ்ட் சிகரம் தெரியாது என்பது பாதிப் பேருக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிகிறது. முன்னால் நிற்கும் மலைத்தோள் அதை மறைத்துவிடும். சிகரத்தை அருகில் பார்க்க வேண்டுமென்றால் பக்கத்தில் இருக்கும் காலா பத்தர் மேட்டில், 5,500 மீட்டருக்கு மேல், ஏற வேண்டும்.

இன்னொரு விஷயம். உண்மையான சொகுசு லாட்ஜுகள் பெரும்பாலும் 4,000 மீட்டருக்குக் கீழேதான் இருக்கின்றன. லுக்லா, பாக்டிங், மோன்ஜோ, நாம்சே, பாங்போச்சே போன்ற ஊர்களில் சூடான அறை, நல்ல சமையல், புத்தக அலமாரி வைத்த முன்கூடம் எல்லாம் கிடைக்கும். திங்போச்சே தாண்டி லோபுச்சே, கோரக் ஷேப் போனால் எவ்வளவு பணம் கொடுத்தாலும் ப்ளைவுட் தடுப்பும் மெல்லிய மெத்தையும்தான் பெரும்பாலும். பக்கத்து அறைக்காரர் இருமுவது உங்கள் காதுக்குள் கேட்கும். கோரக் ஷேப்பில் குழாய்த் தண்ணீர் உறைந்துபோய், வாளித் தண்ணீரின் மேல் பனிக்கட்டி மிதப்பது சாதாரணம்.

என் யோசனை இது. வசதிதான் முக்கியம், மலையை ரசிக்க வேண்டும், சாதனை எதுவும் வேண்டாம் என்றால் தெங்போச்சே அல்லது பாங்போச்சேவோடு திரும்புங்கள். எட்டு ஒன்பது நாட்களில் முடியும். எவரெஸ்ட், லோட்சே, அமா டப்லம் என்ற மூன்று சிகரங்களும் வழியெங்கும் கண்முன்னே நிற்கும். அடிவாரத்தைத் தொட்டே ஆக வேண்டும் என்றால் கடைசி மூன்று நான்கு இரவு சொகுசு கிடையாது என்று மனசைத் தேற்றிக்கொண்டு, மலையில் மட்டும் பதினான்கு பதினைந்து நாட்கள் ஒதுக்குங்கள்.

இரண்டாவது படி: மாதத்தைத் தேர்ந்தெடுப்பது

அக்டோபர், நவம்பர் மாதங்களில் வானம் துடைத்துவைத்ததுபோல் இருக்கும், கூட்டமும் அப்போதுதான். மார்ச் கடைசியிலிருந்து மே வரை அடுத்த சீசன். ஏப்ரலில் தெங்போச்சே பக்கத்துக் காடுகளில் ரோடோடென்ட்ரான் பூத்திருக்கும், ஆனால் மதியத்துக்கு மேல் மேகம் ஏறிவிடும். ஜூன் முதல் செப்டம்பர் நடுவரை மழை, அட்டைப்பூச்சி, ரத்தாகும் விமானங்கள். வேண்டாம். டிசம்பரில் போகலாம், கூட்டமே இருக்காது. ஆனால் நம் ஊர் மார்கழிக் குளிரையே குளிர் என்று நினைத்திருப்பவர்களுக்கு அது கொஞ்சம் அதிகம்.

மூன்றாவது படி: ட்ரெக்கிங் நிறுவனத்திடம் என்ன கேட்பது

சொகுசு என்ற சொல்லை எல்லோரும் விளம்பரத்தில் போடுகிறார்கள். ஒவ்வொரு இரவும் எந்த ஊரில், எந்த லாட்ஜில், கட்டிலுக்கு அருகே பாத்ரூம் உண்டா, அறையில் வெப்பம் எப்படி வருகிறது என்று எழுத்தில் கேளுங்கள். 'டீலக்ஸ் லாட்ஜ் அல்லது அதற்கு இணையானது' என்று பதில் வந்தால் விடாமல் திரும்பக் கேளுங்கள். சாதாரண லாட்ஜில் அறை வாடகை குறைவு; சாப்பாடு, வெந்நீர்க் குளியல், போன் சார்ஜ், வைஃபை எல்லாவற்றுக்கும் தனித்தனிக் காசு, உயரம் போகப்போக விலையும் ஏறும். சொகுசுத் தொகுப்பில் இவை எல்லாம் அடங்கியிருக்க வேண்டும்.

அதைவிட முக்கியமான கேள்விகள் இரண்டு. ஒன்று, நாம்சேயில் எத்தனை இரவு? ஒன்று என்று சொன்னால் வேறு நிறுவனம் பாருங்கள். இரண்டு குறைந்தபட்சம். இரண்டாவது, போர்ட்டர்களுக்கு இன்சூரன்ஸ் உண்டா, எவ்வளவு எடை தூக்குகிறார்கள்? ஒரு போர்ட்டருக்கு 30 கிலோவுக்கு மேல் கூடாது. வழக்கமாக இரண்டு பயணிகளின் பைகளை ஒருவர் சுமப்பார், அதாவது உங்கள் பை 15 கிலோவைத் தாண்டக்கூடாது. லுக்லா விமானமும் ஏறக்குறைய அதே 15 கிலோவில்தான் நிறுத்துகிறது. ஹேர் டிரையரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன்: ஷெர்பா என்பது வேலையின் பெயர் அல்ல, அந்தப் பகுதியில் வாழும் ஓர் இனத்தின் பெயர். உங்கள் பையைத் தூக்குகிறவர் ராய் அல்லது தமாங் இனத்தவராக இருக்கலாம். பெயரைக் கேட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

நான்காவது படி: உடம்பும் மருத்துவரும்

மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். வாரத்துக்கு நான்கு நாள் ஒரு மணி நேர வேக நடை. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தால் லிஃப்டை மறந்துவிட்டுப் படிக்கட்டு, ஐந்து கிலோ பையோடு. ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டியைப் பதம்பார்க்கும், அதனால் இறங்குவதையும் பயிற்சியாகவே செய்யுங்கள். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு வெள்ளியங்கிரி, பர்வதமலை போன்றவை கால்களுக்கு நல்ல ஒத்திகை. உயரத்துக்கு ஒத்திகை பார்க்க மட்டும் நம் பக்கம் இடமே இல்லை. தொட்டபெட்டா 2,637 மீட்டர். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695. விமானம் உங்களை இறக்கிவிடும் லுக்லாவே 2,860 மீட்டரில் இருக்கிறது. நடையைத் தொடங்கும் இடமே நம் மலைகளுக்கெல்லாம் மேலே.

ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயக் கோளாறு, ஆஸ்துமா எது இருந்தாலும் மருத்துவரிடம் உயரத்தின் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். 'மலைக்குப் போகிறேன்' என்றால் அவர் ஊட்டி என்று நினைத்துக்கொள்வார். '5,000 மீட்டருக்கு மேல் தூங்கப்போகிறேன்' என்று சொல்ல வேண்டும். உயரத்தில் காற்று குறைவதால் வரும் உயர நோயைத் தடுக்க அசிடசோலமைடு மாத்திரையைப் பலரும் எடுக்கிறார்கள். பெரியவர்களுக்கு வழக்கமான தடுப்பு அளவு 125 மி.கி., நாளுக்கு இரண்டு முறை, ஏறத் தொடங்கும் முந்தின நாளிலிருந்து. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இந்த மாத்திரையை எடுத்தால் விரல் நுனி ஊசி குத்துவதுபோல் இருக்கும், அடிக்கடி சிறுநீர் வரும். பயப்பட வேண்டாம், அது மருந்தின் குணம்.

ஐந்தாவது படி: காகிதங்களும் காசும்

இந்தியர்களுக்கு நேபாளத்துக்கு விசா வேண்டாம். விமானத்தில் போக பாஸ்போர்ட்டோ வாக்காளர் அடையாள அட்டையோ வேண்டும்; ஆதாரை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். இந்தப் பாதை போகிற சாகர்மாதா தேசியப் பூங்காவின் நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவருக்கு 3,000 நேபாள ரூபாய், இந்தியா உள்ளிட்ட சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவருக்கு 1,500, வரி தனி. அதைத் தவிர உள்ளூர் ஊராட்சிக் கட்டணம் ஒன்றும் உண்டு. இரண்டையும் வழக்கமாக நிறுவனமே கட்டிவிடும். ஒரு இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்பது நிலையான மாற்று விகிதம். நாம்சேயில் ஏடிஎம் உண்டு, அதற்கு மேலே ரொக்கம்தான்.

இன்சூரன்ஸில் இரண்டு வரிகளைத் தேடுங்கள்: 6,000 மீட்டர் வரை ட்ரெக்கிங், ஹெலிகாப்டர் மீட்பு. சாதாரணப் பயண இன்சூரன்ஸ் பலவற்றில் உயர வரம்பு வைத்திருப்பார்கள். அவசர எண்ணைக் காகிதத்தில் எழுதி ஒரு பிரதியைக் கைடிடம் கொடுங்கள். லேசான தலைவலிக்கே ஹெலிகாப்டரை வரவழைத்துக் காப்பீட்டுப் பணத்தைக் கறக்கும் மோசடி ஒன்று அங்கே இருந்தது. 2018இல் நேபாள அரசே விசாரித்தது. கூப்பிடும் முன் காப்பீட்டு நிறுவனத்திடம் பேசிவிடுவது நல்லது.

ஆறாவது படி: பை

சொகுசு லாட்ஜில் படுக்கை தருவார்கள், ஆனால் திங்போச்சேக்கு மேலே ஸ்லீப்பிங் பேக் வேண்டும். இறகு அடைத்த ஜாக்கெட்டும் அதுவும் காட்மாண்டுவின் தமேல் தெருக்களில் வாடகைக்குக் கிடைக்கும்; வாங்கி வந்து சென்னையில் பீரோவில் பூட்டிவைக்க வேண்டியதில்லை. பூட்ஸை மட்டும் ஊரிலேயே வாங்கி, குறைந்தது ஒரு மாதம் போட்டுப் பழகுங்கள். புது பூட்ஸோடு வந்தவர்களை இரண்டாம் நாளே நடையை வைத்து அடையாளம் கண்டுவிடலாம். பருத்திப் பனியன் வியர்வையில் நனைந்து குளிரேற்றும், வேண்டாம். தண்ணீருக்கு ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு, சுத்திகரிக்கும் மாத்திரை. பவர் பேங்கை இரவில் போர்வைக்குள் வைத்துத் தூங்குங்கள், குளிரில் சார்ஜ் வற்றிவிடும்.

அப்புறம் ஒரு டப்பா பருப்புப்பொடி, கொஞ்சம் நாரத்தங்காய் ஊறுகாய். உயரத்தில் பசியே போய்விடும். அப்போது சூடான சோற்றில் இந்த ஊறுகாய் உள்ளே இறங்குவதுபோல் பாஸ்தா இறங்காது.

ஏழாவது படி: லுக்லா

லுக்லா விமான நிலையம் எட்மண்ட் ஹிலாரியின் முயற்சியில் 1964இல் உருவானது. ஓடுபாதையின் நீளம் 527 மீட்டர்தான். ஒரு முனையில் மலைச்சுவர், மறுமுனையில் பள்ளம். ஓடுபாதையே மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும், இறங்கும் விமானத்தை அந்தச் சரிவும் சேர்ந்துதான் நிறுத்துகிறது. காலையில் மட்டும்தான் நம்பிக்கையாகப் பறக்கும், மேகம் வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். நெரிசலான சீசனில் பெரும்பாலான விமானங்கள் காட்மாண்டுவிலிருந்து கிளம்பாமல் ராமேசாப் என்ற ஊரிலிருந்து கிளம்பும். அங்கே போக நான்கு ஐந்து மணி நேரம் சாலைப் பயணம், நள்ளிரவு தாண்டி எழுந்து கிளம்ப வேண்டும். பணம் செலவழிக்க இது ஒரு நியாயமான இடம்: காட்மாண்டுவிலிருந்து நேராக லுக்லாவுக்கு ஹெலிகாப்டர். தூக்கம் மிச்சம்.

ஆனால் அந்த ஹெலிகாப்டரை நாம்சேக்கு மேலே கொண்டுபோய் இறக்கச் சொல்லாதீர்கள். ஷியாங்போச்சேயில் 3,880 மீட்டரில் ஹோட்டல் எவரெஸ்ட் வியூ இருக்கிறது, 1971இல் திறந்தது. காட்மாண்டுவிலிருந்து பறந்துபோய் அங்கே காலைச் சிற்றுண்டி சாப்பிட்டுவிட்டு வருகிற சுற்றுலாக்கள் உண்டு. ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுகிறவர்களுக்குச் சரி. 1,400 மீட்டர் காட்மாண்டுவிலிருந்து நேராக அங்கே போய் இரவு தங்குவது வினையை விலைக்கு வாங்குவது.

எட்டாவது படி: நடை

3,000 மீட்டரைத் தாண்டியபின், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு. பகலில் எவ்வளவு உயரம் போய்வந்தாலும் பரவாயில்லை, தலையணை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதுதான் கணக்கு.

இந்தக் கணக்கில் என் அட்டவணை இப்படி வரும். முதல் நாள் லுக்லாவிலிருந்து பாக்டிங், 2,610 மீட்டர், இறக்கம்தான், மூன்று நான்கு மணி நேரம். இரண்டாம் நாள் பெரும்பாலோர் நேராக நாம்சே ஏறிவிடுவார்கள். நீங்கள் 2,835 மீட்டரில் மோன்ஜோவில் நின்றுவிடுங்கள். மதியச் சாப்பாட்டுக்கே போய்ச் சேர்ந்துவிடுவீர்கள், வெயிலில் கால் நீட்டி உட்காரலாம். சொகுசு என்றால் எனக்கு அதுதான். மூன்றாம் நாள் தொங்குபாலங்களைத் தாண்டி நாம்சே ஏற்றம். வழியில் ஒரு திருப்பத்தில் மரங்களுக்கு நடுவே எவரெஸ்ட் முதன்முறை தலைகாட்டும்.

நாம்சேயில் இரண்டு இரவு, முடிந்தால் மூன்று. நடுவில் ஒருநாள் ஷியாங்போச்சே ஏறி அந்த ஹோட்டலின் மொட்டைமாடியில் ஒரு தேநீர் குடித்துவிட்டு, ஹிலாரி 1961இல் பள்ளிக்கூடம் கட்டிய கும்ஜுங் கிராமத்தைச் சுற்றி, கீழே இறங்கி நாம்சேயிலேயே தூங்குங்கள். சனிக்கிழமை அங்கே இருக்கும்படி பார்த்துக்கொண்டால் வாரச் சந்தையும் பார்க்கலாம்.

அடுத்தது தெங்போச்சே, 3,867 மீட்டர். ஆற்றுவரை இறங்கி மறுபடி 600 மீட்டர் ஏற வேண்டும். முதன்முறை நடப்பவர்களைச் சோதிக்கிற ஏற்றம் இது. மேலே 1916இல் தோன்றிய மடாலயம் இருக்கிறது. 1934 நிலநடுக்கத்தில் இடிந்து, 1989இல் தீயில் எரிந்து, இரண்டு முறையும் மறுபடி எழுந்தது. மாலை வழிபாட்டுக்கு உள்ளே போய் ஓரமாக உட்காரலாம். சாக்ஸ் போட்டுக்கொண்டு போங்கள், தரை ஜில்லென்று இருக்கும்.

அதன்பின் பாங்போச்சே ஓர் இரவு, 4,410 மீட்டர் திங்போச்சே இரண்டு இரவு. மேலே போகிறவர்கள் 4,620 மீட்டரில் துக்லாவில் ஓர் இரவு தங்கினால், மறுநாள் 4,940 மீட்டர் லோபுச்சே ஏறுவது சுலபமாகிவிடும். பலர் துக்லாவை மதியச் சாப்பாட்டோடு தாண்டிவிடுகிறார்கள். துக்லாவுக்கு மேலே, எவரெஸ்டில் உயிர்விட்டவர்களின் நினைவுக் கற்குவியல்கள் வரிசையாக நிற்கும் மேடு வரும். அங்கே எல்லோரும் தானாகவே பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். கடைசியாக கோரக் ஷேப், 5,164 மீட்டர்.

நடக்கும்போது பேச முடிகிற வேகத்தில் நடங்கள். கைடு நாள் முழுக்க 'பிஸ்தாரை, பிஸ்தாரை' என்று சொல்லிக்கொண்டே வருவார். மெதுவாக, மெதுவாக என்று பொருள். யாக் கூட்டம் எதிரே வந்தால் மலைப்பக்கம் ஒதுங்குங்கள், பள்ளத்துப் பக்கம் நின்றால் மூட்டை இடித்துத் தள்ளிவிடும். மந்திரம் செதுக்கிய மணிக் கற்சுவர்கள் வந்தால் அவை உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்படி கடந்து போங்கள்; நம் கோயில் பிரதட்சிணம்போலத்தான்.

சாப்பாட்டில் தால் பாத் போதும். சோறு, பருப்பு, காய், கேட்கக் கேட்க மறுபடி போடுவார்கள். கும்புவில் உயிர்வதை கூடாது என்பது பழைய வழக்கம். இறைச்சி கீழேயிருந்து நாட்கணக்கில் சுமந்துவரப்படுவது. நாம்சேக்கு மேலே அசைவத்தை விட்டுவிடுங்கள். சொகுசு லாட்ஜில் ஒயின் பட்டியல் நீட்டுவார்கள். ஏறும்போது மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம். இறங்கி வரும்போது நாம்சேயில் ஒரு கிளாஸ், அது வேறு கதை.

ஒன்பதாவது படி: எப்போது திரும்புவது

தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை இருந்தால் உயர நோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஏறாமல் அதே இடத்தில் இருங்கள், பெரும்பாலும் ஒருநாளில் சரியாகும். கூடிக்கொண்டே போனால் இறங்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுவாங்கினால், நேர்கோட்டில் குதிகாலை மறுகாலின் விரலோடு ஒட்டி நடக்கத் தள்ளாடினால், பேச்சு குழறினால் அது நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துக்கொள்வது. இரவா பகலா என்று பார்க்காமல் அப்போதே இறங்க வேண்டும். திங்போச்சேக்குப் பக்கத்து ஊரான பேரிச்சேயில் இமாலய மீட்புச் சங்கம் 1973 முதல் சீசன் மாதங்களில் மருத்துவமனை நடத்துகிறது. மதியத்துக்கு மேல் உயர நோய் பற்றி இலவசமாக வகுப்பும் எடுக்கிறார்கள். திங்போச்சேயில் ஓய்வு நாள் இருக்கும்போது ஒரு நடை போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.

காசு கொடுத்தவர்களுக்குத் திரும்புவது கஷ்டமாக இருக்கும். 'இவ்வளவு செலவழித்துவிட்டு' என்று மனசு இழுக்கும், பக்கத்தில் இருப்பவரிடம் தலைவலியை மறைக்கத் தோன்றும். அதனால் கிளம்பும் முன்பே குழுவில் ஒரு பேச்சு வைத்துக்கொள்ளுங்கள்: கைடு 'இறங்கு' என்றால் கேள்வி கிடையாது.

பத்தாவது படி: கீழே வருவது

காலா பத்தரிலிருந்து சூரிய உதயம் பார்த்துவிட்டு கோரக் ஷேப்பிலிருந்து ஹெலிகாப்டரில் திரும்பினால் மூன்று நாள் நடை மிச்சமாகும். ஏறுவதில் அவசரம் ஆபத்து. இறங்குவதில் அந்தச் சிக்கல் இல்லை. முட்டிவலிக்காரர்களுக்கு நான் இதைத் தயங்காமல் சொல்வேன். காற்று அடர்த்தி குறைந்த உயரம் என்பதால் ஹெலிகாப்டர் இரண்டு மூன்று பேரை மட்டும் தூக்கிக் கீழே ஓரிடத்தில் இறக்கிவிட்டு, மீதிப் பேருக்கு மறுபடி வரும். குடும்பத்தைப் பிரிக்கிறார்களே என்று பதற வேண்டாம்.

போர்ட்டர்களுக்கும் கைடுக்கும் அன்பளிப்பை லுக்லாவிலேயே, தனித்தனி உறையில், அவரவர் கையில் கொடுங்கள். வெகுமதிப் பணத்தை மொத்தமாக அலுவலகத்தில் கொடுத்தால் யாருக்கு எவ்வளவு போகிறது என்பது உங்களுக்குத் தெரியாது. நன்றாக இருக்கும் கையுறை, ஜாக்கெட் இருந்தால் அதையும் கொடுக்கலாம்.

சென்னைக்குத் திரும்பும் விமானத்தை லுக்லாவிலிருந்து வருகிற அன்றே போட்டுவிடாதீர்கள். நடுவில் இரண்டு நாள் விடுங்கள். மேகம் மூடி லுக்லாவிலேயே மாட்டிக்கொண்டால் அந்த இரண்டு நாள் அங்கே கழியும். மாட்டாவிட்டால் காட்மாண்டுவில் நல்ல ஹோட்டல் ஒன்றில், நிறையக் காற்றோடு, மதியம்வரை தூங்கலாம்.